எம்டன் கொளுத்திய எண்ணெய், ஷா அனுப்பிய எண்ணெய்

'அவன் சரியான எம்டன்டா!'

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெரிய கில்லாடி, எதற்கும் துணிந்த ஆசாமி என்று அர்த்தம். எந்தப் பழைய நிகண்டிலும் இந்தச் சொல் கிடைக்காது. ஒரே ராத்திரியில் சென்னைத் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட வார்த்தை இது.

அந்த ராத்திரி, 1914 செப்டம்பர் 22. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கோ ஐரோப்பாவில் அடித்துக்கொள்கிறார்கள், நமக்கென்ன என்று மெட்ராஸ் நிம்மதியாக இருந்தது. துறைமுகத்தில் ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை. ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் கரைக்கு வெகு அருகே ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல் வந்து நின்றது. பெயர் எம்டன். கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். சுமார் 130 குண்டுகள். அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு இருட்டில் கரைந்துவிட்டது.

சில குண்டுகள் ஹைகோர்ட் வளாகம் வரைக்கும் போய் விழுந்தன. அதற்கான நினைவுக் கல்லை இன்றைக்கும் அங்கே பார்க்கலாம். ஆனால் முல்லரின் குறி ஹைகோர்ட் இல்லை. கவர்னர் மாளிகையும் இல்லை. கோட்டையும் இல்லை.

எண்ணெய் டாங்கிகள்.

துறைமுகத்தின் ஓரம் நின்றிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகள்தான் அவருக்கு வேண்டியிருந்தது. குண்டு பட்டதும் பற்றிக்கொண்டன. லட்சக்கணக்கான காலன் மண்ணெண்ணெய் எரிந்து போனது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து ஜனங்கள் வானம் சிவந்து கிடப்பதைப் பார்த்தார்கள். மறுநாள் காலையிலிருந்து மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். ரயிலில் இடமில்லை. மாட்டு வண்டிக்குக் கேட்ட காசு கொடுக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். முல்லர் ஏன் எண்ணெய் டாங்கியைக் குறி வைத்தார்?

விஷயம் எளிது. ஒரு ஊரின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மெட்ராஸுக்குத்தான் தெரியவில்லை.

நம்முடைய பாட்டிகள் மண்ணெண்ணெயை 'சீமெண்ணெய்' என்பார்கள். சீமை எண்ணெய். அதாவது, வெளியிலிருந்து வந்த சரக்கு. உண்மையில் அதில் பெரும்பகுதி இங்கிலாந்துச் சீமையிலிருந்து வரவில்லை. வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1886-ல் ஸ்காட்லாந்தில் பதிவான கம்பெனி அங்கே கிணறு தோண்டி, ரங்கூன் அருகே சிரியத்தில் சுத்திகரித்து, டாங்கர் கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பியது. பர்மாவும் பிரிட்டிஷ் ராஜ்ஜியம், இந்தியாவும் பிரிட்டிஷ் ராஜ்ஜியம், கம்பெனியும் பிரிட்டிஷ் கம்பெனி. இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு உண்டா?

இல்லை என்றுதான் நினைத்தார்கள். எம்டன் அந்த ஏற்பாட்டின் இந்த முனையில் தீ வைத்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1942-ல், அந்த முனையில் தீ வைத்தவர்கள் பிரிட்டிஷ்காரர்களே! ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்ததும், எதிரி கையில் சிக்கக்கூடாது என்று சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளையும் தாங்களே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸ் இரண்டாவது முறையாகக் காலியானது.

ஆக, ஒரு சரக்கு நமக்கு வேண்டும். அது நம் மண்ணில் இல்லை. அடுத்தவனிடம் இருக்கிறது. அவனோடு எந்த மாதிரி உறவு வைத்துக்கொண்டால் சரக்கு தடையில்லாமல் வந்துகொண்டே இருக்கும்? இன்றைக்கு டெல்லியிலும் வாஷிங்டனிலும் சட்டம் போட்டு விவாதிக்கும் கேள்வி இதுதான். லித்தியம், கோபால்ட், அரிய மண் தனிமங்கள் என்று சரக்கின் பெயர்தான் மாறியிருக்கிறது. கேள்வி பழசு. அதற்கு வடசென்னையிலேயே ஒரு பதில் எழுதப்பட்டது. எழுதிய இடம், திருவொற்றியூருக்கு மேற்கே இருக்கும் மணலி.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்தபோது நம்மிடம் இருந்த எண்ணெய் என்பது அசாமில் திக்பாய் பக்கம் கிடைத்த கொஞ்சம்தான். 1951-லிருந்து 1953-க்குள் மூன்று வெளிநாட்டுக் கம்பெனிகளோடு நேரு அரசு ஒப்பந்தம் போட்டது. எஸ்ஸோ என்று பிறகு அறியப்பட்ட ஸ்டான்வாக், பர்மா ஷெல், கால்டெக்ஸ். முதல் இரண்டும் பம்பாய் டிராம்பேயில், மூன்றாவது விசாகப்பட்டினத்தில் ஆலை கட்டின. நிபந்தனைகளைப் பாருங்கள். 25 வருஷத்துக்கு அரசுடைமை ஆக்கமாட்டோம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. கச்சா எண்ணெயை எங்கிருந்து வாங்குவது என்பது கம்பெனிகளின் இஷ்டம்.

அந்தக் கடைசி வரியில்தான் வம்பு இருந்தது.

1960-ல் சோவியத் யூனியன் ஒரு யோசனை சொன்னது. நாங்கள் குறைந்த விலைக்குக் கச்சா எண்ணெய் தருகிறோம், டாலர்கூட வேண்டாம், ரூபாயிலேயே கொடுங்கள். அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த நமக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. அப்போது எண்ணெய்த்துறையைப் பார்த்துக்கொண்டிருந்த கே.டி. மாளவியா சந்தோஷமாக மூன்று கம்பெனிகளிடமும் போய்ச் சொன்னார். மூன்றும் முடியாது என்றன. ரஷ்ய எண்ணெயை எங்கள் ஆலையில் ஊற்றமாட்டோம்.

யோசித்துப் பாருங்கள். எண்ணெய் தர ஆள் இருக்கிறது. வாங்க நாடு இருக்கிறது. நடுவில் காய்ச்சும் அடுப்பு மட்டும் அடுத்தவன் கையில். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இந்த அவமானம் டெல்லிக்கு நன்றாகவே உறைத்தது. எண்ணெயை யாரிடமிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம், ஆலை மட்டும் நம் கையில் இருக்கவேண்டும். ருமேனியா உதவியோடு குவாஹாத்தி, சோவியத் உதவியோடு பரௌனி, கொயாலி, அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் கம்பெனியோடு கொச்சி என்று வரிசையாக ஆரம்பித்தார்கள். கம்யூனிஸ்ட், முதலாளி என்றெல்லாம் பார்க்கவில்லை. அந்த வரிசையில் மெட்ராஸின் முறை 1965-ல் வந்தது.

1965 எப்படிப்பட்ட வருஷம்? செப்டம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம். அந்த யுத்தத்தில் ஈரான் மன்னர் ஷா யார் பக்கம் நின்றார்? பாகிஸ்தான் பக்கம். அமெரிக்காவோ இரண்டு நாடுகளுக்கும் ஆயுதத்தை நிறுத்தியிருந்தது. அந்த யுத்தப் புகை அடங்கி மூன்று மாதம் ஆனதும், டிசம்பர் 30-ம் தேதி மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் பதிவாகிறது. பங்குதாரர்கள் யார் யார் தெரியுமா? இந்திய அரசு 74 சதவிகிதம். ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனி 13 சதவிகிதம். அமெரிக்காவின் அமோகோ 13 சதவிகிதம்.

நட்புக்காகவா? சேச்சே. அமோகோவும் ஈரானும் சேர்ந்து பாரசீக வளைகுடாவில் கார்க் தீவுப் பக்கம் தாரியஸ் என்ற எண்ணெய் வயலைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். விற்க நிரந்தரமாக ஒரு கடை வேண்டும். சந்தையெல்லாம் பெரிய கம்பெனிகளின் பிடியில் இருந்தது. நமக்கோ நிரந்தரமாக எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய்க்குப் பொருத்தமாகவே மணலி ஆலையை வடிவமைத்தார்கள். இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் விறகுக்காரன். விறகுக்காரனையே கடையில் பங்காளி ஆக்கிவிட்டால் விறகை நிறுத்துவானா? அதுதான் கணக்கு.

ஆலை 27 மாதத்தில் எழுந்தது. செலவு 43 கோடி. சொன்ன நேரத்தில், சொன்ன செலவில் முடிந்தது! 1969 செப்டம்பர் 27-ல் ஓடத் தொடங்கியது. வருஷத்துக்கு 25 லட்சம் டன் திறன். பக்கத்திலேயே இந்திய அரசும் அமோகோவும் சேர்ந்து மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸையும் ஆரம்பித்தார்கள்; ஈரான் பின்னால் பங்காளியாகச் சேர்ந்தது. ஆலையில் கிடைக்கும் நாஃப்தா அங்கே உரமானது. தஞ்சாவூர் வயலில் விழுந்த யூரியாவில் பாரசீக வளைகுடாவின் ஒரு துளி இருந்தது என்று சொன்னால் அது கவிதை இல்லை, கெமிஸ்ட்ரி.

இனிமேல்தான் கதையே.

1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் யுத்தம். பீப்பாய் சுமார் மூன்று டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. பங்காளியாயிற்றே, ஈரான் பழைய விலைக்குக் கொடுத்ததா? விலையை ஏற்றுவதில் முன்வரிசையில் நின்றவரே ஷாதான். பிறகு கடன் வசதி, தவணை என்று பேசிச் சமாளித்தார்கள். பாடம் ஒன்று: ஒப்பந்தம் சரக்குக்கு உத்தரவாதம் தரலாம், விலைக்குத் தராது.

அந்த நெருக்கடியில் இந்திரா காந்தி அரசு சட்டத்தைக் கையில் எடுத்தது. 1974-ல் எஸ்ஸோ, 1976-ல் பர்மா ஷெல், 1977-ல் கால்டெக்ஸ். தனித்தனிச் சட்டம் போட்டு மூன்று கம்பெனிகளின் இந்தியச் சொத்துகளும் அரசுக்கு வந்தன. எம்டன் கொளுத்திய டாங்கிகளின் பரம்பரை அப்படித்தான் பாரத் பெட்ரோலியமாக மறுபிறவி எடுத்தது. மணலிக்கு அப்படி ஒரு சட்டம் தேவைப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 74 சதவிகிதம் முதல் நாளிலிருந்தே நம்மிடம் இருந்தது. பின்னால் சட்டம் போட்டுப் பறித்ததை, இங்கே முதலிலேயே பேசி எழுதி வைத்திருந்தார்கள்.

1979. ஈரானில் புரட்சி. ஷா நாட்டைவிட்டே ஓடினார். எண்ணெய் வயல்களுக்கு வைத்திருந்த பழைய ராஜா பெயர்கள்கூடப் பிடிக்கவில்லை புதிய ஆட்சிக்கு. தாரியஸ் வயல், தொரூத் வயல் ஆனது. அமோகோ ஈரானிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஆக, ஒப்பந்தம் போட்ட ஷா இல்லை. அவருடைய கூட்டாளிக் கம்பெனி அங்கே இல்லை. எண்ணெய் வயலின் பெயர்கூட இல்லை.

மணலி ஆலை இருந்தது!

ஈரான் எண்ணெய் குறைந்தால் வேறு நாட்டு எண்ணெய். அதற்கேற்ப அடுப்பைத் திருத்திக்கொண்டார்கள். 1985-ல் அமோகோ தன் பங்கை இந்திய அரசிடமே விற்றுவிட்டு நடையைக் கட்டியது. 2000-ல் பெயர் சென்னை பெட்ரோலியம் ஆனது. 25 லட்சம் டன் ஆலை, இன்றைக்கு 105 லட்சம் டன் ஆலை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றையும் கேளுங்கள். 1975-ல் இதே ஷாவோடு இன்னொரு ஒப்பந்தம். கர்நாடகத்தில் குதிரேமுக் மலையில் நாம் இரும்புத்தாது வெட்டி எடுத்துக் கொடுக்கவேண்டும். ஈரான் 63 கோடி டாலர் கடன் தரும், தாதுவையும் அதுவே வாங்கிக்கொள்ளும். மலையைக் குடைந்து, குழாய் போட்டு, மங்களூரில் துறைமுக வசதி செய்து எல்லாம் தயார். அதற்குள் புரட்சி. பணமும் முழுதாக வரவில்லை, வாங்க ஆளும் வரவில்லை. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி வெட்டிய சுரங்கம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றது.

இரண்டு ஒப்பந்தமும் அதே நாட்டோடுதான். ஒன்று பிழைத்தது, ஒன்று தவித்தது. ஏன்? மணலியில் நம்மிடம் இருந்தது அடுப்பு. யார் கொண்டுவந்தாலும் எரியும். குதிரேமுக்கில் இருந்தது விறகு. வாங்குகிறவன் போய்விட்டால் அடுத்தவனைத் தேடி அலையவேண்டும்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

எண்ணூரில் லாரி செய்கிறார்கள். திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். காமராஜர் துறைமுகத்திலிருந்து கார்கள் கப்பலேறுகின்றன. இந்த வண்டிகளெல்லாம் மெல்ல மெல்ல மின்சாரத்துக்கு மாறுகின்றன. மின்வண்டிக்கு பேட்டரியில் லித்தியம் வேண்டும். மோட்டாருக்குள் நியோடிமியம் கலந்த காந்தம் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. இங்கே கார் கம்பெனிகள் பதறின. உலகத்தின் இந்தவகைக் காந்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் தயாராகிறது.

நம்மிடம் மண் இல்லையா? இருக்கிறதே! கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் இருப்பதை 1909-லேயே ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு காஸ் விளக்குத் திரிக்குத் தோரியம் வேண்டியிருந்தது. நம் மணலை அப்படியே மூட்டை கட்டிக் கப்பலேற்றினார்கள். 1946-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் ஏற்றுமதியைத் தடுத்தது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் பிறந்தது. ஆனாலும் மணலிலிருந்து காந்தம் வரைக்கும் உள்ள முழு வரிசையைப் பெரிய அளவில் நாம் கட்டவில்லை. சீனா கட்டியது. மறுபடியும் அதே கதை. மண் நம்முடையது, அடுப்பு அடுத்தவனுடையது.

டெல்லி சும்மா இருக்கவில்லை. 2023-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். 24 கனிமங்கள் முக்கியக் கனிமங்கள் என்று தனிப் பட்டியலுக்குப் போயின. அவற்றை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. அதே ஆண்டு, அமெரிக்கா முன்னின்று நடத்திய கனிமப் பாதுகாப்புக் கூட்டணியில் இந்தியா சேர்ந்தது. வெளிநாட்டில் கனிமம் தேடுவதற்கென்றே 2019-ல் காபில் என்று ஓர் அரசுக் கம்பெனி. அது 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா மாகாணத்தில் ஐந்து லித்தியம் நிலப்பகுதிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. 15,703 ஹெக்டேர்.

நல்ல விஷயம்தான். ஆனால் மணலியின் கதை தெரிந்த உங்களுக்கு இரண்டு கேள்விகள் தோன்றவேண்டும். அந்த லித்தியத்தை எங்கே, யார் சுத்திகரிக்கப் போகிறார்கள்? நாளைக்கு அர்ஜென்டினாவில் ஆட்சி மாறினாலோ, விலை நாலு மடங்கு ஆனாலோ, நம் கையில் மிச்சமிருக்கப் போவது என்ன? முதல் கேள்விக்கு 'இங்கேதான்' என்று பதில் இருந்தால், இரண்டாவது கேள்விக்கும் கொஞ்சம் பதில் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவதாக ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அதனால் நாம் கேட்டுவிடுவோம்.

74, 13, 13. கூட்டினால் நூறு. கணக்கு முடிந்துவிட்டது. இதில் மணலிக்கும் எண்ணூருக்கும் பங்கு எத்தனை?

லாபத்தில் இல்லை, சரி. ஆனால் சுமையில் இருந்தது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கத் தொழிற்பேட்டைகளை அளந்து பார்த்தபோது, மிக மோசமாக மாசுபட்டவற்றின் பட்டியலில் மணலியும் இருந்தது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் ஒதுங்கிய கறுப்புக் குழம்பை ஜனங்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுச் சுவர், படகு, வலை எல்லாம் கறுப்பு. ஆலை வளாகத்தில் மழைநீரைக் கையாள்வதற்குச் சரியான ஏற்பாடு இல்லாததுதான் காரணம் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. காட்டுக்குப்பத்து மீனவர்களுக்கு வாரக்கணக்கில் தொழில் இல்லை.

எனவே, அடுப்பு நம் ஊரில் இருக்கவேண்டும் என்று சொல்லும்போது, புகையும் நம் ஊரில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அரிய மண்ணைப் பிரித்தெடுப்பதும் அமிலம், கழிவு, கதிரியக்கம் சம்பந்தப்பட்ட வேலைதான். இன்றைக்குக் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைக் குமரிக் கடற்கரை ஜனங்கள் எதிர்ப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். ஆலையின் கழிவு எங்கே போகும், கசிந்தால் யார் அள்ளுவது, நஷ்டம் யார் கொடுப்பது என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டால் பாதிச் சண்டை இருக்காது.

கடைசியாக ஒரு செய்தி. 2019 மே மாதத்திலிருந்து, அமெரிக்கத் தடைக்குப் பயந்து இந்தியா ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. ஒரு காலத்தில் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு தேசங்களில் ஒன்று, இன்னொன்றைத் தடைப் பட்டியலில் போட்டுவிட்டது! ஆனால் சென்னை பெட்ரோலியத்தின் பங்குதாரர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனியின் கிளையான நாஃப்டிரான் பெயரில் பதினைந்து சதவிகிதத்துக்குமேல் பங்கு இருக்கும்.

பெயர் பட்டியலில் இருக்கிறது. அது அனுப்புவதாகச் சொன்ன எண்ணெய் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. மணலியில் அடுப்பு மட்டும் அணையவில்லை. அதன் புகையை யாரும் ஒப்பந்தம் போடாமலேயே இன்னமும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், எண்ணூர்க்காரர்கள்.